டொர்மியூஸ்: றோட்டில்லாத ஊரும் அதன் தேவாலயமும்

டொர்மியூஸுக்கு வாகனம் போகாது. பிரான்ஸின் தென்கிழக்கில், ஓத்-ஆல்ப் மாவட்டத்தில், பிரெசினியேர் எண்டொரு பள்ளத்தாக்கு இருக்கு. அதன் கடைசி முனையில் றோட்டு முடிந்துவிடும். வாகனத்தை அங்க நிப்பாட்டிப்போட்டு, நீர்வீழ்ச்சிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் மேல ஏறி நடந்தால்தான் ஊர் வரும். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீற்றருக்கும் மேல. கல்லும் மரமுமாகச் சில வீடுகள், ஒரு பழைய பள்ளிக்கூடம், ஒரு சின்னத் தேவாலயம். 1973 இல் உருவான ஏக்ரான் தேசியப் பூங்காவின் மையப்பகுதிக்குள் வருசம் முழுக்கச் சனம் இருக்கிற ஒரே ஊர் இது.

சுவிஸிலயும் பிரான்ஸிலயும் இருக்கிற சொந்தக்காரர் அனுப்புற படங்களில் அல்ப்ஸ் எப்பவும் ஒரே மாதிரித்தான்: பச்சைப் புல், கழுத்தில் மணி கட்டின மாடு, கூர்க்கோபுரம் வைத்த சேர்ச், பின்னால பனிமலை. அழகு உண்மைதான், அதில குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனால் அந்தச் சேர்ச் ஏன் அங்க நிக்குது, யார் கட்டினது, யாருக்காகக் கட்டினது எண்டு நாங்கள் கேட்கிறதில்லை. டொர்மியூஸில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. பதில் எண்ணூறு வருசம் பின்னால இழுத்துக்கொண்டு போகும்.

மாமாக்களின் மதம்

12 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லியோன் நகரில் வால்தேஸ் என்றொரு வியாபாரி இருந்தார். பிற்காலத்தில் பியேர் வால்டோ எண்டு பெயர் பரவினது இவருக்குத்தான். பணக்காரர். 1170களில் தன்னுடைய சொத்தைக் கொடுத்துவிட்டு ஏழையாக வாழத் தொடங்கினார். அது மட்டுமெண்டால் அவரையும் ஒரு புனிதராக்கி விட்டிருப்பார்கள். அவர் இன்னும் இரண்டு விஷயம் செய்தார். வேதாகமத்தின் பகுதிகளை லத்தீனிலிருந்து சனம் கதைக்கிற மொழிக்கு மாற்றுவித்தார். பிறகு யாரிடமும் அனுமதி வாங்காமல் தெருவில் நின்று பிரசங்கித்தார். 1184 இல் பாப்பரசர் மூன்றாம் லூசியஸ் இந்தக் கூட்டத்தை மதவிரோதிகள் எண்டு அறிவித்தார்.

லியோனிலிருந்து துரத்தப்பட்ட அந்தக் கருத்து மெல்ல மெல்ல மலைக்குள் போனது. 14 ஆம் நூற்றாண்டளவில் அல்ப்ஸின் இரண்டு பக்கமும், இன்றைய இத்தாலியின் பீட்மொண்டிலும் பிரெஞ்சுப் பக்கத்தில் பிரெசினியேர், ஆர்ஜந்தியேர், வல்லூயிஸ் பள்ளத்தாக்குகளிலும், வால்டென்சியர் எண்டு அழைக்கப்பட்ட குடும்பங்கள் இருந்தன.

இவர்கள் என்ன நம்பினார்கள்? சத்தியம் செய்யக்கூடாது. கொலை செய்யக்கூடாது, நீதிமன்றத்தின் பெயரில எண்டாலும். செத்தபிறகு ஆத்துமா சுத்தமாகிற உத்தரிப்பு ஸ்தலம் எண்டு ஒண்டு இல்லை. கடைசி விஷயம் வெறும் இறையியல் சண்டை மாதிரித் தெரியும். ஆனால் உத்தரிப்பு ஸ்தலம் இல்லையெண்டால் செத்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கத் தேவையில்லை, அதற்குக் காசு கட்டவும் தேவையில்லை. குருமாருடைய வருமானத்தில் கைவைக்கிற நம்பிக்கை அது.

இவர்களுடைய போதகர்களைப் 'பார்பா' எண்டு கூப்பிட்டார்கள். அந்த மலைச்சனத்தின் ஒக்சித்தான் மொழியில் அதற்கு மாமா, சித்தப்பா மாதிரி ஒரு உறவுமுறை அர்த்தம். கத்தோலிக்கக் குரு 'தந்தை', இவர்களுடைய ஆள் 'மாமா'. பார்பாக்கள் இரண்டு இரண்டு பேராக, சில்லறை வியாபாரிகள் மாதிரி ஊர் ஊராக நடந்து வருவார்கள். இரவில் ஒரு வீட்டில் தங்கி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, போதித்துவிட்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். இண்டைக்கு நாங்கள் மலையேற்றப் பாதை எண்டு சொல்லுகிற கணவாய்ப் பாதைகள்தான் அந்தக் காலத்தில் ஒரு தலைமறைவு மதத்தின் தபால் வழி.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பிற்காலப் புரட்டஸ்தாந்து எழுத்துகளில் வால்டென்சியர் ஏதோ தொடக்கத்திலிருந்தே தனிச் சேர்ச் வைத்து, நெஞ்சு நிமிர்த்தி நின்ற வீரர்கள் மாதிரி வருவார்கள். வரலாற்றாசிரியர்கள் விசாரணைப் பதிவுகளை வாசித்துக் காட்டுகிற படம் வேறு. இந்தச் சனம் ஊர்க் குருவிடம்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் எடுத்தது, அவரிடம்தான் கலியாணம் கட்டினது, ஞாயிறுப் பூசைக்கும் போனது. வீட்டுக்குள் மட்டும் மாமா வந்துபோனார். இரட்டை வாழ்க்கைதான். அதைக் கோழைத்தனம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி வாழ்ந்ததால்தான் அவர்கள் முந்நூறு வருசம் தாக்குப்பிடித்தார்கள்.

1488

1487 இல் பாப்பரசர் எட்டாம் இன்னசென்ட் வால்டென்சியருக்கு எதிராகச் சிலுவைப்போர் அறிவித்தார். ஜெருசலேமுக்குப் போகிற சிலுவைப்போர் அல்ல, பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போகிற சிலுவைப்போர். கிரெமோனாவைச் சேர்ந்த அல்பேர்ட்டோ கத்தானேயோ பாப்பரசரின் பிரதிநிதியாக வந்தார். 1488 வசந்தகாலத்தில் படை மூன்று பள்ளத்தாக்குகளுக்குள்ளும் நுழைந்தது. வல்லூயிஸில் சனம் மலைக்குகையில் ஒளித்து, அங்கேயே கொல்லப்பட்டது. எத்தனை பேர் எண்டு பிற்கால நூல்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லும், ஆயிரக்கணக்கில்கூட. அந்த இலக்கங்களை நம்பத்தேவையில்லை. நடந்தது போதுமான அளவுக்குப் பயங்கரம்தான். பிரெசினியேர் சனம் மலைப்பாறைகளில் ஏறி ஒளித்து, பிறகு இறங்கிவந்து பணிந்தது. உயிர் தப்பினவர்கள் பகிரங்கமாகப் பாவமன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. பலருடைய காணிபூமி பறிபோனது.

இவ்வளவும் எங்களுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் விசாரித்தவர்கள் எழுதிவைத்த கடதாசிகளிலிருந்து. ஒரு பகுதி 17 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தூதர் சாமுவேல் மோர்லண்ட் கையில் கிடைத்து, இண்டைக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கு. அதாவது அந்த விவசாயிகளுடைய குரல் எண்டு நாங்கள் வாசிக்கிறது, பயத்தில் நின்று சொன்ன பதிலை, எதிர்த்தரப்பு எழுத்தர் லத்தீனில் எழுதினது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த வரலாற்றை வாசிக்கவேண்டும். அதற்காக அந்தப் பதிவை ஒதுக்கிவைக்கவும் ஏலாது. அது இல்லாவிட்டால் அந்த மனிதர்களின் பெயர்கூட மிஞ்சியிருக்காது.

அந்தப் பள்ளத்தாக்குச் சனம் செய்த அடுத்த காரியம் எனக்குப் பெரிசாகப் படுகிறது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். படையோடு மோத முடியாத விவசாயிகள், தங்களுடைய சொத்தையும் பெயரையும் திருப்பித்தரச் சொல்லி அரசனிடம் முறையிட்டார்கள். பன்னிரண்டாம் லூயி விசாரணைக்கு உத்தரவிட்டான். 1509 இல் பரிசில் வந்த தீர்ப்பு முந்தின தண்டனைகளை ரத்துச்செய்தது. தீர்ப்பு வரும்போது படை வந்து இருபத்தொரு வருசம். ஆனாலும் அவர்கள் விடவில்லை.

மாற்ற வந்த கட்டடம்

1532 இல் பீட்மொண்டில் இருக்கிற சன்பொரான் என்ற இடத்தில் கூடி, வால்டென்சியர் சீர்திருத்த இயக்கத்தோடு சேர முடிவெடுத்தார்கள். அடுத்ததாக ஒரு பிரெஞ்சு வேதாகமத்தின் அச்சுச் செலவை ஏற்றார்கள். ஒலிவெத்தான் மொழிபெயர்த்த அந்த வேதாகமம் 1535 இல் வந்தது. இதோடு இரட்டை வாழ்க்கை முடிந்தது, பார்பாக்களின் காலமும் முடிந்தது. இனி வெளிப்படையான புரட்டஸ்தாந்துகள். 1598 இல் வந்த நாந்த் பிரகடனம் அவர்களுக்குச் சட்டப்படி மூச்சுவிட இடம் கொடுத்தது. 1685 இல் பதினான்காம் லூயி அதை ரத்துச்செய்தான். போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், புரட்டஸ்தாந்து ஆலயங்கள் இடிக்கப்பட்டன. கத்தோலிக்கக் குரு நடத்தாத கலியாணம் சட்டத்தில் கலியாணமே இல்லை. பிறக்கிற பிள்ளை முறைகேடான பிள்ளை.

டொர்மியூஸின் தேவாலயம் இந்தக் காலத்துக்குரியது. இண்டைக்கு அது புரட்டஸ்தாந்து ஆலயம். ஆனால் 18 ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டினது கத்தோலிக்கத் தரப்பு. இந்தப் பிடிவாதமான சனத்தை மதம் மாற்றவென்று மலைக்குமேல கோயில் கட்டி, ஒரு குருவையும் அனுப்பிவைத்தார்கள். சனம் வரவில்லை. குரு வெறும் சுவருக்குப் பூசை வைத்தார் எண்டு அந்தப் பக்கத்தில் ஒரு கதை இருக்கு. கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதையாக இருக்கலாம், ஆனால் முடிவு தெரிந்ததுதான். 1787 இல் புரட்டஸ்தாந்துகளுக்குக் குடியியல் உரிமை கிடைத்தது. இரண்டு வருசத்தில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. குரு போய்விட்டார், கட்டடம் ஊருக்கு மிஞ்சியது. அதை இடிக்காமல், ஊர்ச்சனம் தங்களுடைய ஆலயமாக்கிக்கொண்டது.

பிரெஞ்சில் கத்தோலிக்கக் கோயிலுக்கு 'எக்லீஸ்', புரட்டஸ்தாந்து ஆலயத்துக்குத் 'தாம்ப்ல்'. டொர்மியூஸில் ஒரே கட்டடம் இரண்டு சொல்லையும் சுமந்திருக்கு. அதை அழகான படமாக மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், தங்களை மாற்றக் கட்டின கட்டடத்தைச் சனமே மாற்றியெடுத்த கதை படத்தில் விழாது.

உருளைக்கிழங்குப் பூமி

இந்த ஊரின் பெயர் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது ஒரு இளைஞனால். பெலிக்ஸ் நெஃப், 1797 இல் ஜெனீவாவில் பிறந்தவர். தோட்ட வேலை பழகினவர், பிறகு பீரங்கிப் படையில் சார்ஜன்ட். அதைவிட்டுப் போதகராகி, 1820களின் நடுவில் ஓத்-ஆல்ப் மலைகளுக்கு வந்தார். அவருக்குக் கொடுத்த பங்கு ஒரு ஊர் அல்ல. 2,000 மீற்றருக்கு மேல இருக்கிற சென்-வெரான் தொடங்கி பிரெசினியேர் தாண்டியும் சிதறிக்கிடந்த பல ஊர்கள். எல்லாம் நடைதான், பனியிலும்.

டொர்மியூஸில் அவர் கண்டது கடும் வறுமை. குளிர்காலத்தில் சனம் சூட்டுக்காக மாட்டுத்தொழுவத்திலேயே மாடுகளோடு வாழ்ந்தது. நெஃப் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. புல்வெளிகளுக்குத் தண்ணி கொண்டுவர வாய்க்கால் வெட்ட ஆட்களைச் சேர்த்தார். உருளைக்கிழங்கை இடைவெளி விட்டு நடவேண்டும் எண்டு சொன்னார். சனம் கேட்கவில்லை, தானே தோட்டத்துக்குள் இறங்கி நட்டுக் காட்டினார்.

1826–27 குளிர்காலத்தில் அவர் செய்ததுதான் பெரிய காரியம். சுற்றுவட்டப் பள்ளத்தாக்கு இளைஞர்களைச் சேர்த்து டொர்மியூஸில் ஒரு ஆசிரியர் கலாசாலை தொடங்கினார். ஏன் இவ்வளவு ஒதுக்குப்புறத்தில்? பனி மூடினால் வெளியால போக வழியில்லை, படிப்பைக் குழப்ப ஒண்டுமில்லை. அதுதான் காரணம். பூகோளப் பாடத்துக்கு உபகரணம் பத்தாது. ஒரு மெழுகுதிரியைச் சூரியனாக வைத்து, உருளைக்கிழங்கை, சிலவேளை மாணவர்களுடைய தலையையே, பூமியாக்கிச் சுத்திக் காட்டிப் படிப்பித்தார். பிரான்ஸில் ஒவ்வொரு மாவட்டமும் ஆசிரியர் கலாசாலை வைக்கவேண்டும் எண்டு குய்ஸோ சட்டம் வந்தது 1833 இல்தான்.

நெஃப் இதையெல்லாம் பார்க்கக் கனகாலம் இருக்கவில்லை. கடும் நடையும் மோசமான சாப்பாடும் வயிற்றைக் கெடுத்து, 1827 இல் மலையை விட்டு இறங்கினார். 1829 இல் ஜெனீவாவில் இறந்தார். வயது 31.

1832 இல் வில்லியம் கில்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதோடு டொர்மியூஸ் பக்திமிக்க ஆங்கிலேய வாசகர்களுக்குத் தெரிந்த பெயரானது. அந்த எழுத்துகளை வாசிக்கும்போது கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். ஒண்டும் தெரியாத காட்டுச்சனம், வெளியால இருந்து வந்து வெளிச்சம் ஏற்றிய ஒரு இளைஞன் எண்ட சட்டகம் அது. எங்களுக்கும் பழக்கமான சட்டகம்தான். நெஃபின் உழைப்பு உண்மை. ஆனால் அவருக்கு வெகுகாலம் முதலே இந்தப் பிரியான்சோன் மலைப்பக்கம் வாத்திமாருக்குப் பேர்போன இடம். இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கி, சந்தைகளில் தொப்பியில் எழுதுகோல் இறகு குத்திக்கொண்டு நிற்பார்கள். ஒரு இறகு எண்டால் வாசிக்க மட்டும் படிப்பிப்பார். இறகு கூடக்கூடப் பாடமும் கூடும். மூன்று இறகு எண்டால் லத்தீனும் தெரிந்தவர். குளிர்காலம் முழுக்க வேற ஊரில் படிப்பித்துவிட்டு, வசந்தத்தில் வயலுக்குத் திரும்புவார்கள். நெஃப் விதைத்தது வெறும் பாறையில் அல்ல.

இறங்கிப் போன சனம்

சிலுவைப்போர் அந்தப் பள்ளத்தாக்கைக் காலியாக்கவில்லை. அரசனின் சட்டமும் காலியாக்கவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் உரிமையெல்லாம் கிடைத்து, கும்பிட யாரும் தடைபோடாத காலத்தில்தான் சனம் வெளியேறத் தொடங்கியது. காணி சின்னது, பிள்ளைகள் கூட, குளிர்காலம் நீளம். கீழ நகரங்களில் வேலை இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, பிரெஞ்சு கதைக்கத் தெரிந்த பிள்ளைக்கு மலையில் நிற்க என்ன காரணம்? நல்ல பள்ளிக்கூடம் ஊரைத் தூக்கிவிடும் எண்டு நாங்கள் நம்புகிறோம். அது பிள்ளையைத் தூக்கிவிடும், ஊரை அல்ல. இது நெஃபின் குற்றமில்லை. ஆனால் அவர் காட்டின உருளைக்கிழங்குப் பூமியில் டொர்மியூஸ் ஒரு புள்ளிகூட இல்லை எண்டு அந்தப் பெடியன்களுக்கு விளங்கியிருக்கும்.

ஒரு பகுதிச் சனம் போன இடம்தான் இந்தக் கதையில் விழுங்கக் கஷ்டமான பகுதி. 1880களின் தொடக்கத்தில் புரட்டஸ்தாந்து அமைப்புகளின் உதவியோடு பிரெசினியேர் குடும்பங்கள் பிரெஞ்சு அல்ஜீரியாவுக்குப் போய், ஒரான் பகுதியில் துருவா-மராபூ என்ற குடியேற்றக் கிராமத்தில் குடியேறின. ஏழைகளுக்குக் காணி கொடுக்கிற நல்ல காரியமாகத்தான் அது பிரான்ஸில் பேசப்பட்டது. ஆனால் அல்ஜீரியாவில் குடியேற்றக் காணி சும்மா கிடந்த காணி அல்ல. கைப்பற்றிய ஒரு நாட்டில், அந்த மண்ணின் சனத்தைத் தள்ளிவிட்டுப் பிரித்துக் கொடுத்த காணி. காணி பறிபோகிறது எண்டால் என்ன எண்டு 1488 இலிருந்து ஞாபகம் வைத்திருந்த சமூகம், இன்னொருவருடைய காணியில் வீடு கட்டினது. 1962 இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது ஐரோப்பியக் குடியேறிகள் பெரும்பாலும் எல்லாரும் வெளியேறினார்கள்.

இதைச் சொல்லுகிறது அந்த ஏழை விவசாயிகளை வில்லனாக்க இல்லை. அவர்களுக்கு முன்னால இருந்த தெரிவுகள் கொஞ்சம். ஆனால் ஒடுக்கப்பட்ட வரலாறு ஒரு சமூகத்துக்கு நிரந்தர நற்சான்றிதழ் கொடுத்துவிடாது. பேரரசு ஒண்டு கையில் காணி உறுதி கொடுக்கிற நேரத்தில் அந்த ஞாபகம் என்ன செய்யுது எண்டதுதான் கேள்வி. வால்டென்சியர் வரலாற்றைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். 1488 ஐ எழுதுகிற அதே கையால் இதையும் எழுதினால்தான் அது வரலாறு.

இண்டைக்குப் போகிறவர்களுக்கு

பிரான்ஸில் இருக்கிற, அல்லது அங்க போகிற வாய்ப்பிருக்கிற ஆட்களுக்கு: பரிசிலிருந்து பிரியான்சோன் போகிற இரவு ரயிலில் ஏறி ஆர்ஜந்தியேர்-லே-ஏக்ரான் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பிரெசினியேர் பள்ளத்தாக்குக்குள் போகவேண்டும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை நடக்க நல்ல காலம். குளிர்காலத்தில் நீர்வீழ்ச்சிகள் உறைந்து, இந்தப் பள்ளத்தாக்கு பனிச்சுவர் ஏறுகிறவர்களின் இடமாகிவிடும். அது பனிச்சரிவு ஆபத்துள்ள காலம், பழக்கமில்லாதவர்களுக்குச் சரிவராது. ஊரின் பழைய பள்ளிக்கூடம் இப்ப நடைபயணிகள் தங்குகிற விடுதி. மேல ஏற விருப்பமெண்டால் பாலுயேல், பராவேல் ஏரிகளுக்குப் பாதை இருக்கு. இன்னும் மேல போனால் பிரெசினியேர் கணவாய். அதைத் தாண்டினால் அந்தப் பக்கம் சம்சோர் பள்ளத்தாக்கு. நாள் முழுக்க நடக்கவேண்டிவரும், விடியவே வெளிக்கிடுங்கோ.

நடக்கும்போது புல்வெளியில் கவனித்தால் கல்லால் அடுக்கின மதில்களும், இடிந்த வீடுகளும், மண்மூடின வாய்க்கால் தடங்களும் தெரியும். இப்ப 'இயற்கை' எண்டு பாதுகாக்கப்படுகிற இந்தச் சரிவில் ஒரு காலத்தில் ரை தானியமும் கிழங்கும் விளைந்தது. காடு மாதிரித் தெரிகிற இடம் சிலவேளை கைவிட்ட தோட்டம். தேசியப் பூங்கா எண்ட சொல் இந்தச் சரிவில் வேலை செய்த கைகளை எங்கள் கண்ணிலிருந்து மறைக்கக்கூடாது.

டொர்மியூஸ் இண்டைக்கும் ஒரு சில பேரோடு உயிரோடதான் இருக்கு. வருகிறவர்களில் பெரும்பாலானோர் மலைக்காக வருகிறார்கள், சிலர் மூதாதையரைத் தேடி வருகிறார்கள். இரண்டு பேரும் அதே ஒற்றையடிப் பாதையால்தான் ஏறவேண்டும். பார்பாக்களும், கத்தானேயோவின் படையிலிருந்து தப்பினவர்களும், பூசைக்கு ஆள் கிடைக்காத குருவும், நெஃபும், அல்ஜீரியாவுக்கு மூட்டை கட்டினவர்களும் நடந்தது இந்தச் சரிவுகளில்தான். தேவாலயத்துக்கு முன்னால நிக்கேக்க, அது எத்தனை வருசப் பழசு எண்டு கேட்கிறதோடு நிறுத்தாதீங்கோ. அதை யார், யாரை மாற்றக் கட்டினது, கடைசியில் அதற்குள் யார் போய் இருந்தது எண்டும் கேளுங்கோ.